விழுந்த ஜாம்பியைக் குத்துவதா, தாண்டிப் போவதா? (ரெசிடென்ட் ஈவில் 2, ஹார்ட்கோர்)

அல்சூர்க்காரன் | இரவு 10:42

முந்தாநாள் கத்தி வாத்தியார் நம் பெங்களூர்த் தமிழ்க் குழுவில் ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ரெசிடென்ட் ஈவில் 2 வீடியோ ஆட்டத்தின் 2019 மறுவாக்கத்தில், ஹார்ட்கோர் என்னும் மிகக் கடினமான நிலையில் தோட்டா போதவில்லை என்று புலம்புகிறவர்களுக்குக் கத்தி பிடிக்கத் தெரியவில்லையாம். விழுந்த ஜாம்பியைக் குத்திக்கொண்டே இருந்தால் தோட்டாவே செலவாகாதாம். இந்த அருள்வாக்கை நம்பி நேற்று இரவு முழுவதும் காவல் நிலையத்தின் மேற்கு நடைபாதையில் குத்திக்கொண்டிருந்தேன். முதலாமவனைக் குத்திக் கத்தியின் ஆயுள் பாதிக்கு இறங்கிய பிறகும் அவன் புரண்டு வந்து என் கணுக்காலைக் கடித்தான். இரண்டாமவனை முடிப்பதற்குள் கத்தியே உடைந்துபோனது. ஹார்ட்கோரில் ஆட்டம் தானாகச் சேவ் ஆவதில்லை என்பதையும், தட்டச்சுப் பொறியில் ஒவ்வொரு முறை சேவ் செய்யவும் ஓர் இங்க் ரிப்பனை இழக்க வேண்டும் என்பதையும் வாத்தியார் மறந்திருக்கலாம். எனக்கு நாற்பது நிமிட ஆட்டம் போயிற்று.

புதியவர்களுக்கு என் வழியைச் சொல்கிறேன். காலில் சுடுங்கள். முழங்கால் மடங்கி அவன் தடுமாறும் அந்த இரண்டு நொடியில் சுவரை ஒட்டித் தாண்டிப் போங்கள். மேற்கு அலுவலகத்துப் பெட்டகத்துக்குக் குறிப்புச் சீட்டைத் தேடி அலைய வேண்டாம். இடம் 9, வலம் 15, இடம் 7. உள்ளே இருக்கும் இடுப்புப் பை கிடைத்தால் பொருள்களை வைக்கும் எட்டு அறைகள் பத்தாகும். மரப் பலகைகளை முதலில் மேற்கு நடைபாதைச் சன்னல்களுக்கு அடியுங்கள். கத்தி எதற்கு என்றால், ஜாம்பி கட்டிப்பிடித்துக் கழுத்தைக் கடிக்க வரும்போது அவன் நெஞ்சில் இறக்கித் தப்புவதற்கு. தரையில் கிடப்பவனை வெங்காயம் நறுக்குவதைப் போல நறுக்குவதற்கு அல்ல.

கத்தி வாத்தியார் | இரவு 10:58

நாற்பது நிமிடம் ஆடியும் ஒரு முறைகூடச் சேவ் செய்யாதது என் கத்தியின் குற்றமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நான் எழுதியதைப் பாதி படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். "விழுந்த" ஜாம்பி என்றேன். நீங்கள் குத்தியது தடுமாறிக் குனிந்தவனை. அவன் முழுதாகத் தரையில் கிடக்க வேண்டும். கத்தியைக் கீழ்நோக்கிக் குறிவைத்து, அலகு அவன் உடல் முழுவதையும் உரசிக்கொண்டு போகும்படி இழுக்க வேண்டும். குத்தும்போது உடல் துள்ளினால் உயிர் இருக்கிறது, துள்ளாவிட்டால் இல்லை. இந்தச் சோதனைக்கு ஒரு தோட்டாவும் ஆகாது.

மூன்றாவது, தாண்டிப் போங்கள் என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! அந்தக் காவல் நிலையம் ஒரே முறை கடந்து போகும் இடமா? நிலத்தடி வழியைத் திறக்கும் மூன்று பதக்கங்களுக்காக அதே மேற்கு நடைபாதையில் எத்தனை முறை போய் வர வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மோதிக் கிடக்கும் ஹெலிகாப்டரின் தீயை அணைத்த பிறகு, சாகாமல் துரத்தும் ராட்சதர் மிஸ்டர் எக்ஸ் அந்தச் சிதைவைத் தூக்கிவிட்டு வந்து நிற்பார். பின்னால் அவர், முன்னால் நீங்கள் பெருந்தன்மையோடு விட்டுவைத்த மூன்று ஜாம்பிகள். விழுந்தவனைக் குத்தாமல் போகிறவன் திரும்பி வரும்போது அழுவான். இதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

முதல் ஆட்டம் | இரவு 11:03

நான் இப்போதுதான் ஹார்ட்கோர் தொடங்கியிருக்கிறேன். ஒரு சிறிய ஐயம். "முடிப்பது" என்று நீங்கள் இருவரும் சொல்வது எப்படியாவது கடைசிக் காட்சியைப் பார்ப்பதையா, அல்லது ஆட்டம் தரும் மிக உயர்ந்த மதிப்பீடான எஸ் பிளஸ் தரத்தோடு முடிப்பதையா? இரண்டுக்கும் வழி வேறாக இருக்கும் என்று தோன்றுகிறது.

அல்சூர்க்காரன் | இரவு 11:09

தடுமாறிக் குனிந்தவனுக்கும் தரையில் கிடப்பவனுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று என்னை முடிவுகட்டிய வாத்தியாருக்கு நன்றி. தரையில் கிடந்தவனைத்தான் குத்தினேன். குப்புறக் கிடந்தான். நீங்கள் சொன்னபடியே அலகை உரசி இழுத்தேன். துள்ளிக்கொண்டே இருந்தான், ஐயா. கத்திதான் தீர்ந்தது.

போகட்டும். சென்ற ஆண்டு தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில், என் டிவியில், என் பிஎஸ்4-இல் உட்கார்ந்து இதே குத்தும் வித்தையைக் காட்டுகிறேன் என்று தொடங்கினீர்களே, அது எப்படி முடிந்தது என்பதை இங்கே எழுதட்டுமா?

கிளேர் கட்சி | இரவு 11:21

இருவரும் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். வாத்தியார் எந்தக் கருவியில் ஆடுகிறார் என்று யாரும் கேட்கவில்லையே? அவரிடம் இருப்பது எஸ்.பி. ரோட்டில் உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்த கணினி, 144 ஹெர்ட்ஸ் திரை. இந்த ஆட்டத்தின் கணினிப் பதிப்பில், திரையில் நொடிக்கு ஓடும் ஃபிரேம்களின், அதாவது படங்களின், எண்ணிக்கை கூடக் கூடக் கத்தியின் அடியும் கூடுகிறது என்பது ஆட்டம் வெளிவந்த ஆண்டிலேயே அம்பலமான சங்கதி. அல்சூர்க்காரரின் பிஎஸ்4 நொடிக்கு 60 ஃபிரேமைத் தாண்டாது. ஆக, வாத்தியார் பிடித்திருப்பது அரிவாள், இவர் பிடித்திருப்பது பேனாக்கத்தி. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

எப்படியும் ஆட்டத்தின் இரண்டு நாயகர்களில் லியோனை விட்டுக் கிளேரை எடுத்துக்கொண்டால் கிரெனேட் லாஞ்சர் கிடைக்கும். இந்தப் பஞ்சாயத்தே தேவையில்லை.

கத்தி வாத்தியார் | இரவு 11:40

அக்கா சொல்வதைக் கேட்டால், ஆட்டத்தை ஆடுவது நான் அல்ல, என் திரைதான் என்று ஆகிறது. ஐந்து ஆண்டுகளாக இந்தப் புராணத்தைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஃபிரேம் கூடினால் அடி கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. கூடாவிட்டாலும் குத்த வேண்டும் என்கிறேன். ஒரு ஜாம்பியின் தலையை நோக்கி ஹார்ட்கோரில் எத்தனை கைத்துப்பாக்கித் தோட்டா போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மண்டை வெடித்தால் அதிர்ஷ்டம். வெடிக்காவிட்டால் அவன் விழுந்து, செத்தவன்போல் கிடந்து, நீங்கள் முதுகைக் காட்டியதும் எழுந்திருப்பான். அந்த நேரத்தில் தோட்டாவா கொடுப்பீர்கள்? வெடிமருந்து இரண்டைச் சேர்த்தால்தான் கொஞ்சம் கைத்துப்பாக்கித் தோட்டா கிடைக்கிறது. சாதாரண வெடிமருந்தோடு மஞ்சள் உயர்ரக மருந்தைச் சேர்த்தால் ஷாட்கன் தோட்டா. அதையெல்லாம் ஜி என்னும் பெரிய அரக்கனின் உருமாற்றங்களுக்காகச் சேர்த்துவைக்க வேண்டாமா?

புதிய தம்பிக்காகச் சேவ் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இங்கே வேறு யாரும் சொல்லப் போவதில்லை. எஸ் பிளஸ் வேண்டுமென்றால் மூன்று சேவ், இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் கிடையாது. பதக்கங்கள் மூன்றும் கையில் வந்து நிலத்தடிக்கு இறங்குவதற்கு முன் ஒன்று. சாக்கடைப் பகுதியில், கிரேனில் தொங்கும் சரக்குப் பெட்டியால் ஜி-யை அடித்துத் தள்ளும் சண்டைக்கு முன் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் ஒன்று. இடைப்பட்ட நேரத்தில் பயம் வந்தால் விழுந்தவனைக் குத்துங்கள், பயம் போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி: எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். கூடவே, நீங்கள் என் கையில் கொடுத்த கன்ட்ரோலரின் இடது குச்சி, விரலை எடுத்த பிறகும் தானாக மேலே இழுத்துக்கொண்டு போனதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அல்சூர்க்காரன் | இரவு 11:52

எழுதுகிறேன். இரண்டாம் மாடியில் லிக்கர் என்னும் நீள்நாக்கு அரக்கன் ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. லிக்கருக்குக் கண் கிடையாது, காதுதான். குச்சியை மெல்லத் தள்ளி, அடிமேல் அடிவைத்து நடந்தால் அதன் நாக்குக்கு அடியிலேயே கடந்துவிடலாம். இது ஹார்ட்கோரின் அரிச்சுவடி. வாத்தியார் என்ன செய்தார் தெரியுமா? அதற்கு முந்தைய அறையில் விழுந்து கிடந்த ஒருவனைக் குத்திக் குத்திக் கத்தியை உடைத்துவிட்டு, கையில் தற்காப்புக்கு ஒன்றுமில்லாமல் லிக்கருக்கு எதிரில் போய் நின்றார். என் மனைவி காபி கொண்டுவந்து வைப்பதற்குள் லியோன் செத்துவிட்டான். குச்சி இழுத்தது என்ற கதையை அப்போது சொல்லவில்லை. அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு போய்ச் சேர்ந்த பிறகு செய்தியாக அனுப்பினார்.

என் கன்ட்ரோலரை அதற்கு முந்தைய மாதம் இரண்டு வாரம் இரவல் வாங்கி வைத்திருந்தவரும் அவரே. நான் கொடுத்தபோது குச்சி நேராக இருந்தது.

கத்தி வாத்தியார் | இரவு 11:59

குச்சி தானாக இழுக்கும் கன்ட்ரோலரில் அடிமேல் அடிவைத்து எப்படி நடப்பது? நான் மெல்லத் தள்ளினால் அது வேகமாகத் தள்ளுகிறது. லிக்கருக்குக் கேட்காமல் இருக்குமா? உங்கள் அரிச்சுவடிக்கு முதலில் ஒழுங்கான பலகை வேண்டும். இரவல் வாங்கிய இரண்டு வாரத்தில் நான் கன்ட்ரோலரைத் தொட்டதே மூன்று நாள். மீதி நாள்களில் அது உறையோடு அலமாரியில் இருந்தது. உங்கள் வீட்டில் குழந்தைகள் இல்லையா?

கத்தி உடைந்தது என்கிறீர்கள். உடையத்தான் செய்யும், சாதாரணக் கத்தி தேயும் பொருள். காவல் நிலையத்தில் வேறு கத்திகளும் கிடக்கின்றன, தேடி எடுக்க வேண்டும். அந்த அறையில் அவனைக் குத்தாமல் விட்டிருந்தால் லிக்கர் வேறு, அவன் வேறு என்று இருவரிடமும் செத்திருப்பேன். விழுந்தவனைக் குத்தாமல் போகிறவன் திரும்பி வரும்போது அழுவான்.

கிளேர் கட்சி | நள்ளிரவு 12:06

வாத்தியாரே, "சாதாரணக் கத்தி தேயும்" என்று நீங்களே வாய்விட்டதால் கேட்கிறேன். சென்ற மாதம் குழுவில் போட்ட படத்தில் உங்கள் கத்திக்குப் பக்கத்தில் முடிவிலிக் குறி இருந்ததே? ஆட்டத்தில் ஒளித்துவைத்திருக்கும் மிஸ்டர் ரக்கூன் பொம்மைகள் பதினைந்தையும் உடைத்தால் கிடைக்கும் தேயாத கத்தி அல்லவா அது? தேயாத கத்தியை, நொடிக்கு நூற்றுக்கு மேல் ஃபிரேம் ஓடும் கணினியில் வைத்துக்கொண்டு, "கத்தி பிடிக்கத் தெரியவில்லை" என்று பிஎஸ்4-காரர்களுக்குப் பாடம் எடுப்பது எந்த ஊர் நியாயம்?

கத்தி வாத்தியார் | நள்ளிரவு 12:19

பதினைந்து பொம்மைகளையும் உடைத்தது யார்? நானா, என் திரையா? உழைத்துப் பெற்றதைப் பயன்படுத்தினால் குற்றம். கிரெனேட் லாஞ்சரை வைத்துக்கொண்டு ஆசிட் குண்டுகளைப் பொழிவது மட்டும் வீரமா, அக்கா? அந்தப் படம் பயிற்சி ஆட்டத்தில் எடுத்தது. ஹார்ட்கோரில் சாதாரணக் கத்தியோடுதான் ஆடினேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் காலில் சுடும் கட்சிக்காக. காலைத் துண்டாக்கினால் அவன் சாகிறானா? ஊர்கிறான். நிற்கிற ஜாம்பி எங்கே வருகிறான் என்பது தெரியும். இருட்டு நடைபாதையில் ஊர்கிறவன் விளக்கு வெளிச்சத்துக்குக் கீழே இருக்கிறான், கணுக்காலைக் கடித்த பிறகுதான் தெரியும். ஆக நீங்கள் தோட்டாவையும் கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத எதிரியையும் உண்டாக்கிவிட்டு, அதற்கு "என் வழி" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அல்சூர்க்காரரின் கணுக்காலைக் கடித்தவனும் அவர் வழியில் உருவானவனாகத்தான் இருப்பான்.

ஆய்வுக்கூடத்துச் செடி மனிதர்களிடம் மட்டும் கத்தியை நம்பி நிற்காதீர்கள். அவர்கள் கையில் தற்காப்பு ஆயுதம் இல்லாமல் மாட்டினால் ஒரே பிடியில் கதை முடிந்துவிடும், தீயிட்டுக் கொளுத்தாவிட்டால் மறுபடி எழுவார்கள். இவ்வளவு நேர்மையாக என் கத்தியின் எல்லையையும் நானே சொல்கிறேன். எதிர்த்தரப்பில் யாராவது தங்கள் காலின் எல்லையைச் சொன்னார்களா?

அல்சூர்க்காரன் | நள்ளிரவு 12:27

காலைத் துண்டாக்கு என்று நான் எங்கே எழுதினேன்? முழங்கால் மடங்கினால் போதும், தாண்டிப் போ என்று எழுதினேன். என்னை அரைகுறையாகப் படித்தவன் என்றவர், என் முதல் பதிவையே அரைகுறையாகப் படித்திருக்கிறார். பின்னால் மிஸ்டர் எக்ஸின் காலடி இடி இடிப்பதுபோல் நெருங்கும்போது, குனிந்து உட்கார்ந்து குத்த நேரம் எங்கே இருக்கிறது? இரண்டரை மணி நேரக் கணக்கில் ஒவ்வொருவனையும் குத்தினால் எத்தனை நிமிடம் போகும்?

வரும் ஞாயிறு என் வீட்டுக்கு வாருங்கள். என் பிஎஸ்4, 60 ஃபிரேம், சாதாரணக் கத்தி. மேற்கு நடைபாதையில் ஒருவனை வீழ்த்தித் தருகிறேன். குத்திக் காட்டுங்கள்.

கத்தி வாத்தியார் | நள்ளிரவு 12:33

வருகிறேன், ஆனால் என் கன்ட்ரோலரோடு. அல்லது நீங்கள் ஒயிட்ஃபீல்டுக்கு வந்து என் கணினியில் தாண்டிக் காட்டுங்கள்.

அல்சூர்க்காரன் | நள்ளிரவு 12:35

உங்கள் கணினியில் தாண்டிக் காட்டுவதால் கத்தியைப் பற்றி என்ன நிரூபணம் ஆகும்? ஞாயிற்றுக்கிழமை ஒயிட்ஃபீல்டு வரை வந்து திரும்பும் நேரத்தில் நான் இரண்டு முறை ஆட்டத்தையே முடித்துவிடுவேன்.

முதல் ஆட்டம் | நள்ளிரவு 12:48

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் மேற்கு நடைபாதைக்கு வந்துவிட்டேன். பெட்டகத்தைத் திறந்து இடுப்புப் பையை எடுத்தாயிற்று. நடைபாதையில் ஒருவன் விழுந்து கிடக்கிறான். இருமுறை குத்தினேன், முதல் முறை துள்ளினான், இரண்டாம் முறை துள்ளினானா என்று சரியாகத் தெரியவில்லை. குத்துவதா, தாண்டுவதா?

கத்தி வாத்தியார் | நள்ளிரவு 12:49

குத்துங்கள்.

அல்சூர்க்காரன் | நள்ளிரவு 12:49

தாண்டுங்கள். முதலில் எந்தக் கருவி என்று சொல்லுங்கள்.

கிளேர் கட்சி | நள்ளிரவு 12:50

எத்தனை ஃபிரேம், தம்பி?

முதல் ஆட்டம் | நள்ளிரவு 12:57

எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. யுபிஎஸ் இணைப்பு ரவுட்டருக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். இங்க் ரிப்பன் கையில் இருந்தது. இவர் எழுந்திருக்காமல் இருந்தால் சேவ் செய்யலாம் என்று இருந்தேன்.

கத்தி வாத்தியார் | நள்ளிரவு 1:02

பார்த்தீர்களா? இரண்டு குத்தோடு நிறுத்தியதால் வந்த தயக்கம் இது. மூன்றாவதாக ஒரு முறை குத்தியிருந்தால் ஐயமே இருந்திருக்காது, நேராகப் போய்ச் சேவ் செய்திருப்பீர்கள். விழுந்தவனைக் குத்தாமல்

அல்சூர்க்காரன் | நள்ளிரவு 1:03

மின்சாரம் போனதும் கத்தியால் என்று எழுதுவீர்கள் போலிருக்கிறது. தாண்டியிருந்தால் 12:49-க்கே சேவ் ஆகியிருக்கும். கன்ட்ரோலர் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.