குட்டை இட்லிப்பூச் செடி வெளுக்குதுங்க, வழி சொல்லுங்க

வணக்கமுங்க. நமக்கு அன்னூர் பக்கம். அம்மா ஆசையா வெச்ச குட்டை இட்லிப்பூச் செடி, ஒன்றரை அடிதான் இருக்கும், போன வருசம் கொத்துக் கொத்தாச் செவப்பாப் பூத்துச்சு. இப்பக் கொழுந்து இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அடி இலை நல்லாத்தான் இருக்குது. அதனால இரும்புச்சத்துக் குறைன்னு நெனைக்கிறேன். ஊத்துறது போர் தண்ணி, குடத்துல வெள்ளையாப் படியுமுங்க. மண்ணுலயும் சுண்ணாம்புக்கல். இதுக்கு லேசா அமிலத்தன்மை இருக்கிற மண்ணுதானே தோது? சிறுவாணித் தண்ணி ஊத்தற சித்தி வீட்டுல இதே செடி கருகருன்னு நிக்குது.

அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்புங்க) கரைச்சு வேருக்கு ஊத்தினா இந்த மண்ணுல பிடிக்குமுங்களா, இல்ல இலைமேல தெளிக்கணுமா? லிட்டருக்கு எத்தனை கிராம்? தொட்டிக்கு மாத்தி, செம்மண்ணும் மக்குன எருவும் போட்டா வேர் தாங்குமா? செஞ்சு பார்த்த அண்ணன், அக்கா யாராச்சும் சொல்லுங்க. அம்மா தினமும் காலையில அதுகிட்டப் போய்த்தான் நிக்கறாங்க.