கரைப்பக்கம் ஓடுற காரில கறள்: கண்டதையும் செய்ததையும் எழுதுங்க

கல்லடி:

இந்தத் திரி மட்டக்களப்பு, அம்பாறை கரையோரத்தில நிற்கிற வாகனங்களுக்கு. கதவின் அடி, சில்லு வளைவு, டிக்கித் தரை, முன்கண்ணாடி றபர் ஓரம் எண்டு எங்க கறள் வந்தது, எதைச் செய்து நின்றது, எதைச் செய்தும் திரும்பி வந்தது எண்டு எழுதுங்க. கராஜ் பெயர் போட்டுச் சண்டை பிடிக்கிறது வேணாம்.

தொடக்கத்துக்கு ஒண்டு. மாரியிலதான் கறள் பிடிக்கும் எண்டு ஒரு நினைப்பு நம்மட ஆக்களுக்கு இருக்கு. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினாத்தான் கசியும். ஆனா கடல் உப்புக்குள்ள மக்னீசியம் குளோரைட்டும் இருக்கு. அதுக்கு 33 வீதமே போதும், காற்றில இருக்கிற தண்ணியை இழுத்துக் கரைஞ்சிடும். கச்சான் அடிச்சு முற்றத்து மணல் கொதிக்கிற ஆடி மாதத்திலயும் சில்லு வளைவுக்குள்ள அப்பிக் கிடக்கிற சேறு கையில பிசுபிசுக்கிறது இதனாலதான். மாரி மழை வெளிப்பக்கத்தையாவது கழுவி விடும். வெயில் காலத்தில அதுவும் இல்ல.

மருதமுனை, டிங்கர் வேலை:

கல்லடித் தம்பி சொன்னது சரி. வேலைக்கு வாற வாகனங்களில கனக்க, ஏற்கெனவே வீட்டில தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சு, அதே இடத்தில திரும்பப் பொங்கினதுகள்தான். எல்லாரும் பெயின்டைக் குறை சொல்றாங்க. பிழை அடியில.

கொப்புளத்தைக் கண்டவுடனே சாண்ட் பேப்பர் எடுக்காதீங்க. ஸ்க்ரூ ட்ரைவர் பிடியால சுத்தித் தட்டிக்கொண்டு வாங்க. நல்ல தகடு கணீரெண்டு கேட்கும். கறள் தின்ட இடம் செத்த சத்தம் போடும். சின்னக் காந்தத்தைத் துணியில சுத்தி வைச்சுப் பாருங்க. பிடிக்காட்டி அங்க பள்ளம் நிரப்பின பழைய பேஸ்ட் கிடக்கு. பிறகு கூரான ஊசியால நல்லா அழுத்துங்க. கார் தகடு கூடினா 0.8 மில்லிமீற்றர்தான். ஊசி இறங்கினா அது தேய்க்கிற கேஸ் இல்ல, வெட்டி ஒட்டுற கேஸ். சில்லு வளைவிலயும் கதவின் அடி மடிப்பிலயும் வெளியால தெரியிற கொப்புளம் அநேகமா உள்ளால தொடங்கினது. கல் பட்ட புள்ளி மட்டும்தான் வெளியால தொடங்கும்.

ஊசி இறங்கல்லயா, அப்ப வீட்டிலேயே செய்யலாம். முதல் வேலை கழுவுறது. குழாய்த் தண்ணியும் சவர்க்காரமும் போட்டு, வளைவின் உள்பக்கத்தையும் சேர்த்து. உப்போட தேய்ச்சா அந்த உப்பை நீங்களே குழிக்குள்ள ஏத்துறீங்க. காய்ந்த பிறகு 80ஆம் நம்பர் தாளால கொப்புளத்தையும், அதைச் சுத்தி ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் நல்ல பெயின்டையும் எடுங்க. பெயின்டுக்கு அடியில கறள் எப்பவும் கண்ணுக்குத் தெரியிறதை விடத் தூரம் போயிருக்கும். விளிம்பை 180, பிறகு 320 போட்டு இறக்குங்க, விரலால தடவினா படி தெரியக்கூடாது.

அடுத்ததிலதான் கனபேர் விழுறது. கிறைண்டரில கம்பி பிறஷ் போட்டா இரும்பு பளபளக்கும், வேலை முடிஞ்சது எண்டு நினைப்பாங்க. கம்பி பிறஷ் கறளை எடுக்கிறதில்ல, கன இடத்தில அதையே மினுக்கி விடுது. வெயிலில சரிச்சுப் பாருங்க. ஊசிமுனை அளவில கறுப்புப் புள்ளிகள் தெரியும். அதுகள் குழி, அடியில குளோரைட் உப்பு இருக்கு. ஊசியாலயும் 80 தாளின் மடிச்ச முனையாலயும் ஒவ்வொண்டாகக் கிண்ட வேணும். பிறகு சுடுதண்ணியும் நைலோன் பிறஷும் போட்டுக் கழுவி, ஹெயர் ட்ரையரால காய வைச்சு, அந்த ராவு ஒண்டும் பூசாம கூரைக்குக் கீழ விடுங்க. தகடு முழுக்க லேசா மங்கினாப் பரவாயில்ல. அந்தக் கறுப்புப் புள்ளி இருந்த இடங்களில மட்டும் செம்மஞ்சள் பொட்டு வந்திருந்தா உப்பு இன்னும் உள்ளதான். திரும்பக் கழுவுங்க. பொட்டு வராத வரைக்கும் அடுத்த கட்டத்துக்குப் போகாதீங்க. ஒரு நாள் வீணாகுதே எண்டு இதைத் தாண்டுறவங்கட வேலைதான் அடுத்த வருசம் திரும்பி வாறது.

இனி பொஸ்போரிக் அசிட் உள்ள கறள் நீக்கி. பிறஷால பூசி, காய விடாம பத்துப் பதினைஞ்சு நிமிசம் ஈரமாவே வைச்சு, தண்ணியால கழுவி உடனே காய வையுங்க. அசிட் மிச்சம் இருந்தா மேல போடுற இப்பொக்சி பிறைமர் (நிறத்துக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு) பிடிக்காது, தோலா உரியும். காய்ந்த இரும்பு மங்கின சாம்பல் நிறமா இருக்கும், அதுதான் வேணும். அண்டைக்கே ரெண்டு டின்னா வாற இப்பொக்சி பிறைமர் ரெண்டு கை. கலவை அளவை டின்னில போட்டபடியே அளந்து போடுங்க, கண்ணளவு வேணாம். நம்மட வெயிலில கலந்த பிறைமர் டின்னில சொல்ற நேரத்துக்கு முன்னமே இறுகத் தொடங்கும், கொஞ்சம் கொஞ்சமாக் கலவுங்க. றெட் ஒக்சைட் கேற்றுக்குச் சரி, காருக்கு வேணாம்.

பள்ளம் நிரப்புற கட்டலோய் பேஸ்ட் போடுறதெண்டா இப்பொக்சிக்கு மேல. இப்பொக்சி இறுகின பிறகு 180 போட்டுச் சுரண்டிப்போட்டுப் பூசுங்க. நேரா இரும்பில, அதுவும் கறள் இரும்பில பூசினா அது தண்ணியைக் குடிச்சு அந்த இடத்திலேயே வைச்சிருக்கும். நூறு கிராம் பேஸ்ட்டுக்கு ஹார்ட்னர் ரெண்டு கிராம், நல்ல வெயிலெண்டா இன்னும் கொஞ்சம் குறைவா. கெதியா இறுகட்டும் எண்டு ஹார்ட்னரைக் கூட்டினா, பெயின்ட் அடிச்ச பிறகு மஞ்சள் கறை மேல வரும். மொத்தம் மூண்டு மில்லிமீற்றருக்கு மேல போக வேணாம், தேய்க்கிறது காய்ந்த தாளால மட்டும். மேல பிறைமர், 400, 600 தாள், நிறம், கிளியர் (கடைசியா அடிக்கிற நிறமில்லாத பூச்சு). இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஒரு விசயம்: சாம்பல் பிறைமரோட மாசக்கணக்கில ஓடுற வாகனங்களைக் காணுறம். கேனில வாற சாதாரணப் பிறைமர் தண்ணியை உறிஞ்சும். நிறம் அடிக்கக் காசு இல்லாட்டி, வேலையையே பிறகு தொடங்குங்க.

ஆரையம்பதி:

பாத்றூம் கழுவுற அசிட் பற்றி யாரும் எழுதல்ல. அது ஹைட்ரோகுளோரிக். கறளைச் சட்டெண்டு தின்னும், பார்க்க நல்லா இருக்கும், ஆனா குளோரைட்டை இரும்பிலேயே விட்டுட்டுப் போகும். மேல மருதமுனை நானா கழுவி, ஒரு ராவு விட்டுப் பார்த்து எடுக்கச் சொல்றது எதையோ, அதையே நாம காசு குடுத்து ஊத்துறம். மூடின கராஜுக்குள்ள அந்தப் போத்தலைத் திறந்து வைச்சா ஆவிக்குப் பக்கத்தில இருக்கிற ஸ்பனரெல்லாம் கறள் கட்டும்.

சின்னச் சாமான்களுக்கு, பிறக்கற், சாதாரண நட் இப்படி, தென்னை வினாகிரியில ஒரு நாள் ஊற வைச்சு, அப்பச் சோடாத் தண்ணியில அலசி, காய வைச்சு ஒயில் பூசினாப் போதும். சில்லு போல்ட், சீற் பெல்ட் போல்ட், சஸ்பென்சன் போல்ட் இதுகளை அசிட்டில போடாதீங்க. வலுக்கூடின உருக்கு அசிட்டில ஐதரசனைக் குடிச்சு, பிறகு இறுக்கின நிலையிலேயே வெடிக்கும். புதிசு வாங்குங்க.

சாய்ந்தமருது:

நானா, பால் மாதிரி வெள்ளையாப் பூசினாக் கறுப்பா மாறுற ஒரு மருந்து விக்கிறாங்களே. அதைப் பூசினா இவ்வளவு தேய்க்கத் தேவையில்ல எண்டு சொல்றாங்க. உண்மையா?

மருதமுனை, டிங்கர் வேலை:

அது டனிக் அசிட் (tannic acid) வகை. கறளோட சேர்ந்து கறுப்புப் படையா மாறும். தளர்ந்த கறளை எடுத்துப்போட்டு, இறுக்கமா ஒட்டியிருக்கிற மெல்லிய கறளுக்கு மேலதான் பூச வேணும். பளபளக்கிற இரும்பில பூசி ஒரு பிரயோசனமும் இல்ல, அதுக்குக் கறள் தேவை. மெல்லிசா ரெண்டு தரம், பிறகு ஒரு நாள் காய விடுறது, கழுவுறதில்ல. தகடு தகடா உரியிற கறளுக்கு மேல பூசினா மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில அது தன்ட பாட்டில தின்டுகொண்டிருக்கும். உப்பைக் கழுவுற வேலை இதுக்கும் உண்டு. சேஸி, பற்றரித் தட்டு மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு வைச்சுக்கொள்ளுங்க தம்பி, வெளிப்பக்கத்துக்கு வேணாம்.

அக்கரைப்பற்று:

டிக்கியைப் பற்றிச் சொல்றன். வட்டைக்கு, அதாவது வயலுக்குப் போற கார்களில டிக்கித் தரை மேல இருந்து கீழ ஓட்டையாகும், மற்றக் கார்களில கீழ இருந்து மேல. காரணம் உரம். எம்.ஓ.பி எண்டு வாறது பொட்டாசியம் குளோரைட், கிட்டத்தட்ட உப்புத்தான். பையிலிருந்து சிந்தின ஒரு பிடி, விரிப்புக்கு அடியில ஸ்பெயார் சில்லுக் குழிக்குள்ள போய்ச் சேரும். மீன் பெட்டி ஏத்துறவங்களுக்கும் இதே கதை, ஐஸ் உருகின தண்ணியில இருக்கிறதும் கடல் உப்பு.

ஸ்பெயார் சில்லுக் குழியின் நடுவில அநேகமா ஒரு றபர் அடைப்பு இருக்கும். அதைக் கழட்டி, குழாய்த் தண்ணி விட்டுக் கழுவி, டிக்கியைத் திறந்து வெயிலில காய வைச்சு, பிறகு அடைப்பைப் போடுங்க. உரம், மீன் ஏத்துறதெண்டா விரிப்பை எடுத்துப்போட்டு, ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒண்டு வையுங்க. பொலித்தீன் விரிக்கிறது சரிவராது, ஓரத்தால இறங்கின தண்ணியை அது மூடி வைச்சிருக்கும்.

காத்தான்குடி:

கதவு ஏன் அடியால உக்குது எண்டா, கண்ணாடி இறங்குற வாயால மழைத்தண்ணி உள்ள போறது வழமைதான், கதவை அப்படித்தான் செய்திருக்கிறாங்க. அடி மடிப்பில ரெண்டு மூண்டு துவாரம் வைச்சிருக்கிறது அதை வெளியேத்த. மணலும் தூசியும் அதை அடைச்சா கதவு தண்ணித் தொட்டி. பிளாஸ்டிக் கேபிள் டை ஒண்டைச் சரிவா வெட்டி அதால குத்தி எடுங்க. கம்பி போட்டாப் பெயின்ட் சுரண்டும், அந்தச் சுரண்டலிலேயே கறள் தொடங்கும். கேபிள் டை குத்தின உடனே கறுத்த தண்ணி வழிஞ்சா உள்ளுக்குக் கறள் தடுக்கிற மெழுகு அடிக்கிற நேரம் வந்திட்டுது.

வைப்பருக்கு அடியில இருக்கிற குழியையும் பாருங்க. முருங்கைக்குக் கீழ கார் விடுறவங்களுக்கு அந்தச் சின்ன இலை வலையைத் தாண்டி உள்ள போய்க் களியாகும். தண்ணி நிரம்பி முன்கண்ணாடிக்குக் கீழ இருக்கிற தகட்டைத் தின்னும். இடப்பக்கக் கால் விரிப்பு ஈரமெண்டா ஏ.சி தண்ணி போற குழாயையும் பாருங்க. விரிப்புக்கு அடியில இருக்கிற கம்பளி கிழமைக்கணக்கில காயாது. வெள்ளத்தில தரை வரை நனைஞ்ச காரெண்டா சீற்றைக் கழட்டி அந்தக் கம்பளியை வெளிய எடுக்காம ஒரு வேலையும் இல்ல.

வாழைச்சேனை:

அடிப்பக்கத்துக்கு நம்மட பக்கம் பழைய இன்ஜின் ஒயிலும் மண்ணெண்ணெயும் கலந்து ஆறு மாசத்துக்கு ஒருக்கா அடிக்கிறவங்க இருக்கிறாங்க. செலவில்ல, கறளும் குறைவுதான். தார் மாதிரி அண்டர்கோட் அடிச்ச வாகனத்தை விட நல்லா இருக்குதுகள்.

மருதமுனை, டிங்கர் வேலை:

பாதிக்குச் சரி. தார் வகை அண்டர்கோட் காலம் போகக் காய்ந்து வெடிக்கும். வெடிப்பால உப்புத்தண்ணி உள்ள போனா வெளிய வர வழியில்ல. மேல கறுப்பா அழகா இருக்கும், ஊசியால குத்தினாத் தட்டுத் தட்டாக் கழண்டு வரும். ஏற்கெனவே கறள் உள்ள அடிக்கு அதை அடிக்கிறது பொட்டலம் கட்டிக் குடுக்கிற மாதிரி. ஒயில் வெடிக்காது, ஊடுருவும், அதனாலதான் நல்லா இருக்கிறது.

ஆனா எரிஞ்ச ஒயிலில அசிட் இருக்கு. புஷ், பூட் றபர்களை ஊத வைக்கும். பிறேக் டிஸ்க்கில பட்டா என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்ல. மணல் நிலத்தில சொட்டுறது கிணத்துக்குத்தான் போகும், நம்மட கிணறு ஆழமும் இல்ல. அதே வேலையை மெழுகு அல்லது லனோலின் (ஆட்டு உரோமத்துக் கொழுப்பு) வகை செய்யும். சின்னக் காரொண்டின் உள்கூடுகளுக்கு ஒண்டரை லீற்றர் மட்டில போதும். எல்லாப் பக்கமும் தெறிக்கிற நீட்டுக் குழாய் முனையைக் கதவு, படிக்குக் கீழ உள்ள பெட்டி, பின் வளைவு இதுகளின் துவாரங்களுக்குள்ள விட்டு, அடிச்சுக்கொண்டே வெளிய இழுங்க. உள்ளுக்கு நல்லாக் காய்ந்திருக்க வேணும். மறுநாள் கேபிள் டையால வடிகால் துவாரங்களைத் திரும்பக் குத்துங்க, மெழுகு அடைச்சிருக்கும்.

திருக்கோவில்:

எல்லாரும் கழுவச் சொல்றீங்க, எந்தத் தண்ணியால எண்டும் பார்க்க வேணும். கடலுக்குக் கிட்ட இருக்கிற கிணத்துத் தண்ணி கன இடத்தில உவர். அதால கழுவி வெயிலில காய விட்டா கண்ணாடியில வெள்ளைப் பூப் பூக்கும். கண்ணாடியில பூக்கிறது சில்லு வளைவுக்குள்ளயும் பூக்குது. குழாய்த் தண்ணி குறைவெண்டா மேற்பக்கத்தைக் கிணத்துத் தண்ணியால கழுவி, கடைசி ரெண்டு வாளி குழாய்த் தண்ணியை அடிப்பக்கத்துக்கும் வளைவுக்கும் வைச்சுக்கொள்ளுங்க. மாரியில பீலித் தண்ணி பிடிச்சு வைச்சா அதை விட நல்லது இல்ல.

அம்பாறை, வெல்டிங்:

வீட்டில செய்யக்கூடாததையும் எழுத வேணும். ஜக் வைக்கிற இடம், சேஸி, சீற் பெல்ட் பூட்டுற இடம், சஸ்பென்சன் பூட்டுற இடம், பிறேக் குழாய். இதுகளில ஊசி இறங்கினா பேஸ்டோ பைபர்கிளாஸோ போடாதீங்க. கூரைத் தகரத்தை றிவிற் அடிச்சு மேல பேஸ்ட் பூசின வேலைகளும் வருது. ரெண்டு தகட்டுக்கு இடையில தண்ணி நின்று, முதல் இருந்த ஓட்டையை விடப் பெரிசாகும். பிறேக் குழாய் கறளெண்டாத் தேய்க்கிறதே பிழை, மாத்துங்க.

வெல்டிங்குக்கு விடும்போது மிக் (கம்பி தானா வந்துகொண்டிருக்கிற வெல்டிங் மெசின்) இருக்கிறதா எண்டு கேளுங்க, 0.6 மில்லிமீற்றர் கம்பியோட. சாதாரணக் கூர் (குச்சி) வெல்டிங் இந்தத் தகட்டை எரிச்சு ஓட்டை போடும். பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழட்டி, விரிப்பை எடுத்து, பெற்றோல் டாங்கி எங்க இருக்கு எண்டு பார்த்த பிறகுதான் தொடங்க வேணும். வெல்ட் பண்ணின இடத்தின் பின்பக்கப் பெயின்ட் எரிஞ்சிருக்கும். அதுக்கு உள்ளால மெழுகு அடிக்காட்டி அங்கதான் முதல்ல பிடிக்கும்.

கல்லடி:

நல்ல விசயங்கள். ரெண்டு சேர்க்கிறன். மணல் முற்றத்தில வெறும் ஜக்கை வைச்சுக் கீழ போகாதீங்க, அது புதையும், சரியும். ரெண்டு அங்குலத் தடிப்பில ஒரு அடிச் சதுரப் பலகை போட்டு ஸ்ராண்ட் வைச்சு, காரை ஆட்டிப் பார்த்த பிறகு போங்க. ஹார்ட்னர் போட்டு அடிக்கிற ரெண்டு டின் கிளியரில ஐசோசயனேட் எண்ட நச்சு இருக்கு. சாதாரண முகக் கவசம் அதைத் தடுக்காது, அந்த வேலையை மட்டும் பெயின்ட் கூடத்துக்குக் குடுங்க.

பிறைமர் பூசுற நேரமும் முக்கியம். விடியக்காலமை தகட்டில பனி கண்ணுக்குத் தெரியாமப் படிஞ்சிருக்கும். தகட்டின் சூடு, பனி படியிற வெப்பநிலையை விட மூண்டு பாகையாவது கூட இருக்க வேணும் எண்டது கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறவங்கட கணக்கு. அதை அளக்கக் கருவி இல்லாட்டி ஒரு மூலையில ஈரத்துணியால ஒரு கோடு இழுத்துப் பாருங்க. கால் மணித்தியாலத்துக்குள்ள அது காயாட்டி அண்டைக்குப் பிறைமர் டின்னைத் திறக்க வேணாம். மார்கழியில ஒன்பது மணிக்கு முன்னமும் மூண்டு மணிக்குப் பிறகும் அது காயுறது குறைவு.