தி நெட்வொர்க்ஸ்: மூன்றாம் சீசனிலேயே சேனல் படுத்துவிடுகிறது, எங்கே தப்பு செய்கிறோம்?

ஓட்டைஆண்டெனா:
ஆளுக்கொரு டிவி சேனல் நடத்திப் பார்வையாளர்களைச் சேர்க்கும் பலகை விளையாட்டு ‘தி நெட்வொர்க்ஸ்’. கில் ஹோவா வடிவமைத்து 2016-இல் வந்த அதன் பெட்டியை மச்சான் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தார். நான், மனைவி, மச்சான் மூவரும் இதுவரை நான்கு ஆட்டம் ஆடிவிட்டோம். தொடக்கம் பிரமாதம். யாருமே பார்க்காத மூன்று கேவலமான நிகழ்ச்சிகளோடு சேனலைத் திறக்கிறோம், அட்டைகளின் பெயர்களைப் படித்தே அரை மணி நேரம் சிரிப்பு. அப்புறம் மூன்றாவது சீசன், அதாவது மூன்றாவது சுற்று, வந்ததும் எல்லோருக்கும் பார்வையாளர்கள் சரசரவென்று இறங்குகிறார்கள். கையில் காசும் இல்லை. புது நிகழ்ச்சி எடுத்தால் பழையது வீண், எடுக்காவிட்டால் அது கிழடு தட்டுகிறது. நான்கு ஆட்டத்திலும் மனைவிதான் ஜெயித்தாள், அதுவும் அநியாய வித்தியாசத்தில். ஐந்து சீசனை முடிப்பதே தண்டனையாக இருக்கிறது. விதியை எங்கோ தப்பாகப் படித்திருக்கிறோமா?

தாயக்கட்டை:
“பழையது வீண்” என்கிறீர்களே, தூக்கிய நிகழ்ச்சியின் அட்டையை எங்கே வைக்கிறீர்கள்?

ஓட்டைஆண்டெனா:
பெட்டிக்குள்தான். ரத்து செய்தாயிற்றே, அதற்குமேல் என்ன வேலை?

தாயக்கட்டை:
சரி, அங்கேதான் கோளாறு. ரத்தான நிகழ்ச்சி முதலில் மறுஒளிபரப்புக்குப் போகும். சீசன் முடிவில் எண்ணும்போது அதற்கும் பார்வையாளர்கள் உண்டு, அட்டையிலேயே தனியாகப் போட்டிருக்கும். எண்ணியபிறகு உங்கள் காப்பகத்தில் வையுங்கள். நம் ஊரில் 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் 1987-இன் ராமாயணத் தொடரைத் திரும்பப் போட்டு அள்ளியதே, அதே கதைதான்.

காப்பகத்து அட்டைகளையும் கலைத்துவிடாதீர்கள். ஒரே வகை நிகழ்ச்சிகளைச் சேர்த்தால் போனஸ் வரும் இல்லையா, அந்தக் கணக்கில் அவையும் சேரும். மறுஒளிபரப்பும் இல்லை, வகை போனஸும் இல்லை என்றால் பழையதைத் தூக்க யாருக்கு மனசு வரும்? மூவரும் கிழட்டு நிகழ்ச்சியைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பீர்கள்.

ஐந்தாம்சீசன்:
தாயக்கட்டை சொன்னது சரி. ஆனால் மறுஒளிபரப்பு விட்டுப்போனது மூவருக்கும் பொதுவான நஷ்டம். உங்கள் மனைவி மட்டும் எப்படித் தொடர்ந்து ஜெயிக்கிறார்? சீசனிலிருந்து அவர் சீக்கிரமே விலகுகிறாரா?

ஓட்டைஆண்டெனா:
ஆமாம்! நானும் மச்சானும் கடைசி அட்டை வரை பொறுக்கிக்கொண்டிருப்போம். அவள் பாதியிலேயே “நான் முடிச்சாச்சு” என்று சொல்லிவிட்டு, விலகுவோருக்கான பலன் வரிசையின் மேல் கட்டத்தில் உள்ள காசையும் பார்வையாளர்களையும் வாரிக்கொள்வாள்.

ஐந்தாம்சீசன்:
“காசையும் பார்வையாளர்களையும்” வாரக்கூடாது, இரண்டில் ஒன்றுதான். முதலில் விலகுபவருக்கு அதிகம், போகப்போகக் குறையும், அது சரி. ஆனால் கட்டத்துக்கு ஒரு பலன் மட்டுமே. அண்ணி நான்கு ஆட்டமாக இரட்டைச் சம்பளம் வாங்கியிருக்கிறார்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு, ஒன்பது, பத்து மணி என்று மூன்று நேரம் இருக்கின்றனவே, நிகழ்ச்சியை அதற்குரிய நேரத்தில் போடுகிறீர்களா? மாற்றிப் போட்டால் பார்வையாளர்கள் குறைவு. அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு இடம் எங்கே காலியோ அங்கே செருகுவது எல்லா வீட்டிலும் நடக்கிற தப்பு, நாங்களும் செய்தோம். காசு வறட்சிக்கு மருந்து விளம்பர அட்டைதான். நிகழ்ச்சிக்கும் நட்சத்திரத்துக்கும் ஒவ்வொரு சீசனும் செலவு உண்டு, விளம்பரம் பிடிக்காமல் சமாளிக்க முடியாது. மச்சான் நட்சத்திரமாகச் சேர்க்கிற ஆளா?

ஓட்டைஆண்டெனா:
எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நாலு நடிகர்களை வைத்துக்கொண்டு விளம்பரம் ஒன்றுகூட இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

சனிக்கிழமை இரவு மூன்று விதிகளையும் திருத்தி ஆடினோம். ஐந்து சீசனும் ஓடியது. நான் நான்கு நிகழ்ச்சிகளை மாற்றினேன், மறுஒளிபரப்பிலேயே மச்சானைத் தாண்டிவிட்டேன். “காசு அல்லது பார்வையாளர்” என்ற விதியை வாசித்துக் காட்டியபோது வீட்டில் கொஞ்சம் புயல். “இத்தனை நாள் புத்தகம் உங்க கையிலதானே இருந்துச்சு” என்றாள். அதற்குப் பதில் இல்லை.

தாயக்கட்டை:
ஜெயித்தது யார்?

ஓட்டைஆண்டெனா:
அவள்தான். இந்த முறை ஆறு பார்வையாளர் வித்தியாசத்தில்.