வேலூரில் இருந்துகொண்டே நாடகம் பார்க்கவும் நடிக்கவும் வழி உண்டா?

கேட்டவர்: சத்துவாச்சாரிவாசி

அனைவருக்கும் வணக்கம். நான் வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. கல்லூரிக் காலத்தில் நாடகக் குழுவில் இருந்தேன். மேடையில் நின்று பழகிய எவருக்கும் தெரியும், அந்தப் பழக்கம் வேலைக்குப் போனதும் விட்டுப் போவதில்லை. என் தங்கையும் நடித்தவள்தான். அவளுக்கும் இதே ஏக்கம் இருக்கிறது.

யாரைக் கேட்டாலும் சென்னைக்குப் போ என்பதே பதிலாக வருகிறது. வேலையை விட்டுவிட்டுப் போகும் நிலையில் நான் இல்லை. நண்பர்கள் சிலருடன் சேர்ந்து இங்கேயே ஒரு நாடகம் போடலாம் என்று மண்டபங்களில் விசாரித்தோம். கல்யாணத்துக்கு வருகிறவர்களை மனத்தில் வைத்து நிர்ணயித்த வாடகையை, ஐம்பது பேர் பார்க்க வரும் நாடகத்துக்கு எப்படிக் கொடுப்பது?

எனவே என் கேள்வி இதுதான்: வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் நல்ல நாடகங்களை எப்போது, எங்கே பார்க்கலாம்? வார விடுமுறையில் மட்டும் நேரம் கிடைக்கும் ஒருவர் நடிக்கவோ கற்கவோ இடம் இருக்கிறதா? அரசின் உதவி என்று ஏதாவது உண்டா? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: செய்யாற்றங்கரையான்

வணக்கம் தம்பி. நாடகம் எங்கே நடக்கிறது என்று நீங்கள் கேட்பது பழைய வட ஆற்காட்டு மண்ணில் நின்றுகொண்டு என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. பங்குனியில் தொடங்கி ஆடி முடியும் வரை, ஆற்காடு, ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர் வட்டாரங்களில் ஏதாவது ஓர் ஊரில் கூத்து நடக்காத வாரம் அரிது. ஆனால் சுவரொட்டியில் 'நாடக விழா' என்று அச்சடிக்க மாட்டார்கள். 'அக்னி வசந்த மகாபாரத விழா' என்று இருக்கும். திரௌபதி அம்மன் கோயிலின் பெயரும், பகலில் பாரதப் பிரசங்கம் செய்பவரின் பெயரும், அதன்கீழே எந்த இரவில் எந்தக் கூத்து, எந்த ஜமா, அதாவது எந்தக் கூத்துக் குழு, என்ற பட்டியலும் போட்டிருப்பார்கள். வில் வளைப்பு, பகாசுரன் வதம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாக வரும் அந்தப் பட்டியலே உங்களுக்கு வேண்டிய நிகழ்ச்சி நிரல். நுழைவுச்சீட்டு கிடையாது. கோரைப் பாய் ஒன்றும் பனிக்குத் துண்டு ஒன்றும் கொண்டுபோனால் போதும்.

எல்லா இரவுகளுக்கும் போக முடியாத வேலைக்காரருக்கு இரண்டு நிகழ்ச்சிகளைப் பரிந்துரைப்பேன். ஒன்று அர்ச்சுனன் தபசு. நட்டு வைத்த உயரமான தபசு மரத்தில் வேடம் கட்டிய நடிகர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். உச்சியில் உட்கார்ந்து எலுமிச்சையும் வில்வமும் விபூதிப் பொட்டலமும் வீச, பிள்ளை வரம் வேண்டிக் கீழே நிற்கும் பெண்கள் முந்தானையில் ஏந்திக்கொள்வார்கள். மற்றொன்று படுகளம். களத்தில் மண்ணால் மிகப் பெரிதாகச் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றிக் காலை வெயிலில் வீமனும் துரியோதனனும் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். தொடை பிளந்த பிறகே திரௌபதி கூந்தலை முடிவாள். அன்று மாலை தீமிதி. இவை இரண்டும் பகலில் நடப்பவை. ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தால் உங்களுக்கு விடுப்புகூடத் தேவையில்லை.

நடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஆட்டம் குறைந்திருக்கும். அப்போதுதான் கூத்து வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓய்வு இருக்கும். போனவுடன் கர்ணன் வேடம் தரமாட்டார்கள். திரை பிடிக்கச் சொல்வார்கள், இசைக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டு பாடச் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் நின்று வேடக்காரர் விருத்தம் பாடும்போது மிருதங்கமும் முகவீணையும் எந்த இடத்தில் எழுகின்றன, எந்த இடத்தில் அடங்குகின்றன என்று திரையின் ஒரு முனையைப் பிடித்திருப்பவனுக்குத் தெரிவதுபோல் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் ஏற்றிக்கொண்டு கிறுக்கி அடிப்பது, அதாவது வேகமாகச் சுழன்று ஆடுவது, எப்படி என்பது அதற்கும் பிறகு வரும் பாடம்.

செய்யாற்றுப் பக்கம் உள்ள புரிசையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் ஊர். 1977 இல் சென்னையில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கியதற்கு அவருடைய ஆட்டம் ஒரு பெரிய தூண்டுதல். பட்டறை நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரே. அவர் நினைவாகப் புரிசையில் ஆண்டுதோறும் விழா நடக்கிறது. தெருக்கூத்தும் நவீன நாடகமும் ஒரே களத்தில், ஒரே இரவில் அடுத்தடுத்து நடப்பதைப் பார்க்கும் வாய்ப்பு சென்னையில்கூட அபூர்வம். சென்னை நாடகக்காரர்கள் வண்டி பிடித்து அங்கே வருகிறார்கள். சத்துவாச்சாரியிலிருந்து நீங்கள் வருவதற்கு என்ன?

மறுமொழி: காட்பாடி ஆசிரியை

மேலே எழுதியவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஏற்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவரின் தங்கையை அவர் மறந்துவிட்டார். வட ஆற்காட்டு ஜமாக்களில் பாஞ்சாலியாகவும் சுபத்திரையாகவும் ஆடியவர்கள் வழிவழியாக ஆண்களே. பல ஜமாக்கள் குடும்பத்தையும் சாதியையும் சுற்றியே அமைந்தவை. வெளியாள் ஒருவர், அதிலும் ஒரு பெண், மழைக்காலத்தில் போய்க் கதவைத் தட்டினால் உடனே திறந்துவிடும் என்று எழுதுவது எளிது. இது மாறாமலும் இல்லை. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002 இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் சிறுமியரும் பயின்று மேடையேறினார்கள். கூத்தின் கோமாளியான கட்டியக்காரனாகப் பெண் வந்து பேசும்போது சபை சிரிப்பதில் எந்தக் குறையும் இல்லை.

நகரத்து நாடகத்தைப் பொறுத்தவரை, நம் ஊருக்குக் கிடைத்த பெரிய வசதி காட்பாடி சந்திப்பு. பெங்களூரு ஜே.பி. நகரில் 2004 முதல் இயங்கும் ரங்க சங்கரா நாடக அரங்கில் திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் நாடகம் உண்டு. நேரம் தவறி வந்தால் உள்ளே விட மாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் விழாக்களில் பிரமுகருக்காகத் திரையை நிறுத்திவைத்துப் பழகியவர்களுக்கு அது நல்ல மருந்து. சென்னையில் ஏழு மணி நாடகம் பார்த்துவிட்டு, சென்ட்ரலில் காட்பாடி வழியாகச் செல்லும் இரவு வண்டியைப் பிடித்து வீடு திரும்பலாம். திருச்சூரில் கேரள சங்கீத நாடக அகாதமி நடத்தும் பன்னாட்டு நாடக விழாவுக்கு ஆலப்புழை எக்ஸ்பிரஸோ திருவனந்தபுரம் மெயிலோ நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த விழாவைச் சென்னைவாசியைவிடக் காட்பாடிக்காரர் இரண்டு மணி நேரம் குறைவான பயணத்தில் பார்த்துவிட முடியும்.

முறையாகப் படிக்க விரும்பினால், 1959 இல் தில்லியில் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் பெங்களூரு மையத்தில் ஓராண்டு நடிப்புப் பயிற்சி உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு முதுகலைப் படிப்பே இருக்கிறது. இவை வேலையை விட்டால்தான் முடியும். வேலையில் இருப்பவர்களுக்கு, புதுச்சேரியை அடுத்து வீணாபாணி சாவ்லா நிறுவிய ஆதிசக்தியில் அவ்வப்போது நடக்கும் குறுகிய கால உறைவிடப் பட்டறைகள் பொருந்தும். குரல், மூச்சு, உடல் ஆகியவற்றில் அங்கே கிடைக்கும் பயிற்சி கூத்துக்கும் உதவும். சேமித்த விடுப்பை ஒரே தொடர்ச்சியாக எடுத்துச் செல்லுங்கள்.

மண்டப வாடகை பற்றி ஒரு சொல். மண்டபமே வேண்டாம். வீதி நாடகம் போடுங்கள். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றால் போதும். ஒரு பறையும், வட்டமாக நிற்க இடமும் கிடைத்தால் நாடகம் தொடங்கிவிடும். பொருளுக்கும் இங்கே பஞ்சமில்லை. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் நடந்தது என்ன என்பதைப் பள்ளி மாணவர்கள் ஆண்டு, தேதியாக மட்டுமே மனப்பாடம் செய்கிறார்கள். புதிய தலைப்பாகையும், நெற்றிக் குறியும் தாடியும் கூடாது என்ற உத்தரவும் சிப்பாய்களின் உறக்கத்தைக் கெடுத்ததில் தொடங்கி, விடியற்காலைக்கு முன்பே வெடித்து, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து சேர்ந்த அன்றைக்கே ஒடுக்கப்பட்ட அந்த எழுச்சி, நாடகக்காரர் கத்தரிக்க வேண்டிய தேவையே இல்லாத அளவுக்குக் கட்டமைப்போடு இருக்கிறது. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் உள்ளே நிகழ்த்துவது கடினம். ஆனால் ஜூலை 10 அன்று மக்கான் சந்திப்பு நினைவுத் தூணருகே அஞ்சலி செலுத்தக் கூட்டம் வருகிறது. அந்த வாரத்தில் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் கேட்டால் இடம் மறுக்க மாட்டார்கள். உங்கள் தங்கைக்கும் அங்கே யாரும் தடை சொல்லப் போவதில்லை.

மறுமொழி: ஓய்வுபெற்ற கோப்புக்காரர்

அரசு உதவியைப் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை. கலைஞர்களுக்குக் காகிதம் என்றாலே கசப்பு. நான் அறிந்தவரை சொல்கிறேன்.

முதலில் போகவேண்டிய இடம் காஞ்சிபுரத்தில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையம். வேலூர்ப் பகுதி அதன் எல்லைக்குள் வருகிறது. கூத்து போன்ற கிராமியக் கலைகளில் இருப்பவர்கள் 2007 இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினர் ஆகலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், குடும்பத்தில் இறப்பு ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். எங்கள் பக்கத்துக் கூத்துக்காரர்கள் பலர் அட்டை எடுக்காமலே இருக்கிறார்கள் என்பது வருத்தம். நலிந்த நிலையில் உள்ள 58 வயது கடந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாதம் 3,000 ரூபாய் வழங்கப்படுகிறது. அதே மன்றம் புதிய நாடகங்களைத் தயாரிக்க நிதியும், கிராமியக் கலைஞர்கள் இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க உதவியும் தருவதுண்டு. தம்பி குழு ஒன்று அமைத்தால் இந்த அறிவிப்புகளை நாளிதழில் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி நாளைத் தவறவிட்டால் மறு அறிவிப்புக்குக் காத்திருப்பதுதான்.

மாவட்டக் கலை மன்றம் வயது வாரியாக விருது தருகிறது: 18 வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. பணம் சிறிதுதான், ஆனால் அடுத்த விண்ணப்பத்தோடு இணைக்க அந்தச் சான்றிதழ் பெரிதும் பயன்படும். 2019 இல் வேலூர் மூன்றாகப் பிரிந்துவிட்டதால், எந்த மாவட்டத்தில் குடியிருப்போ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். ராணிப்பேட்டையில் வேலை என்பதற்காக அங்கே கொடுத்துவிடாதீர்கள்.

மத்தியக் கலாசார அமைச்சகத்தின் உதவித்தொகைகளில், 18 முதல் 25 வயதுள்ள இளங்கலைஞருக்கு மாதம் 5,000 ரூபாய், 25 முதல் 40 வரை இளநிலை ஆய்வு நல்கையாக மாதம் 10,000, அதற்கு மேற்பட்டோருக்கு முதுநிலை நல்கையாக மாதம் 20,000 என்று இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுப்பது வழக்கம். இளங்கலைஞர் தொகை ஒரு குருவிடம் பயிற்சி பெறுவதற்கானது. அதற்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் குருவிடமோ நிறுவனத்திலோ பயின்றதற்குச் சான்று கேட்பார்கள். ஆகவே உங்கள் தங்கை வயது வரம்புக்குள் இருந்தாலும், விண்ணப்பிக்கும் முன் அந்த நிபந்தனையைப் பார்த்துக்கொள்வது நல்லது. எந்த விண்ணப்பத்துக்கும் ஆடியதற்கான சான்று கேட்பார்கள். ஆகவே இன்றிலிருந்தே துண்டறிக்கை, அழைப்பிதழ், செய்தித்தாள் துணுக்கு, மேடைப் புகைப்படம் எல்லாவற்றையும் தேதி எழுதி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். முப்பது ஆண்டுகள் கிரீடம் சுமந்த ஒரு வாத்தியார், ஒரு நோட்டீஸ்கூடக் கையில் இல்லாமல் அலுவலக வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆடிய இரவுகளுக்கெல்லாம் அவருக்கு ஊரே சாட்சி, ஆனால் ஊரைக் கோப்பில் இணைக்க முடியவில்லை.

கேட்டவர்: சத்துவாச்சாரிவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. தங்கைக்கு இருபத்து மூன்று வயது. அவள் இந்த மறுமொழிகளை என்னைவிட ஆர்வமாகப் படித்தாள். ஜூலைக்கான வீதி நாடகத்தை நண்பர்களுடன் பேசத் தொடங்கிவிட்டோம். ஒரே ஒரு சந்தேகம்: ஊர்த் திருவிழாவுக்கு முன்பின் அறிமுகம் இல்லாமல் போய்க் கூத்துப் பார்க்க உட்கார்ந்தால் தவறாக நினைக்க மாட்டார்களா?

மறுமொழி: செய்யாற்றங்கரையான்

ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் களரி கட்டுவார்கள், அதாவது இசைக்கருவிகளை முழக்கிக் கூத்தைத் தொடங்குவார்கள். அதற்கு முன்பே போய் விழாக் குழுவினர் ஒருவரிடம் வேலூரிலிருந்து பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டால் பெண்கள் பக்கத்தில் தங்கைக்கு இடமும் உங்களுக்குத் தேநீரும் கிடைக்கும். வேடம் கட்டும் கொட்டகைக்குள் மட்டும் கேட்காமல் நுழையாதீர்கள், கைப்பேசி விளக்கை முகத்தில் அடிக்காதீர்கள். ஒன்று கவனியுங்கள்: எங்கள் பக்கம் கர்ண மோட்சத்தைச் சாவு வீட்டுக் காரியத்துக்கும் வைப்பார்கள். சுவரொட்டி இல்லாமல் வாய்வழியாகக் கேள்விப்பட்டுப் போகிறீர்கள் என்றால் கோயில் ஆட்டமா, காரிய ஆட்டமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஆசிரியை அம்மா எழுதியதற்கும் ஒரு பதில்: பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சம்மதிக்கும் வாத்தியார்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். மாசி இறுதியில் ஆற்காடு, ஆரணி, செய்யாற்றுப் பேருந்து நிலையச் சுவர்களைப் பார்த்து ஜமாக்களின் பெயரைக் குறித்துக்கொண்டு இங்கே எழுதினால், யாரிடம் போகலாம் என்று சொல்கிறேன்.