நம் ஊர் மரம் அறுக்கும் மிஷின் இரண்டு முறை பிடித்துக்கொண்டதன் காரணமும், வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

பொங்கல் விடுப்பில் ஊருக்குப் போனபோது, மழைக்காலத்தில் பாதையில் விழும் கற்பூர மரங்களையும் சீகை மரங்களையும் அப்புறப்படுத்துவதற்காக நாம் எல்லோரும் பணம் போட்டு வாங்கிக் கொடுத்த மரம் அறுக்கும் மிஷின், பெரியப்பா வீட்டு விறகுக் கொட்டகையில் சாக்கால் போர்த்தப்பட்டுக் கிடப்பதைப் பார்த்தேன். கயிற்றை இழுத்தால் பாதியில் நின்றது. இன்ஜின் இரண்டாவது முறையாகப் பிடித்துக்கொண்டது, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிட்டது என்றும், பட்டறையில் புது பிஸ்டன் போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை என்றும், மறுபடியும் பணம் கேட்கக் கூச்சமாக இருந்ததால் நமக்கு யாரும் எழுதவில்லை என்றும் சொன்னார்கள். நியூசிலாந்தில் தோட்டக் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில்தான் நான் வேலை செய்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆகவே இருந்த பன்னிரண்டு நாளில் நான்கை அதற்குக் கொடுத்து, பிரித்துப் பார்த்து, ஓட வைத்துவிட்டு வந்தேன். செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக அனுப்புவார். இந்த மடலில் நான் எழுத நினைப்பது, அது ஏன் பிடித்துக்கொண்டது என்பதையும், புதுப்பித்த இன்ஜின் ஒன்றை நம்புவதற்கு முன் வீட்டிலேயே எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும்தான்.

முதல் முறை பிடித்துக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். கீழ்வீட்டு அண்ணன் மிஷினைக் காரமடையில் உள்ள மாமியார் வீட்டுக்கு எடுத்துப்போய், காற்றில் சாய்ந்த வேப்ப மரத்தை அறுத்தபோது அரை மணி நேரத்தில் நின்றுவிட்டது. அவர் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான எண்ணெய்) கலக்காமல் பெட்ரோல் ஊற்றிவிட்டார் என்று ஊரே பேசியது. அவரும் மறுத்து மறுத்து ஓய்ந்துபோனார். அந்தப் பழைய பிஸ்டனைப் பட்டறைக்காரர் நல்லவேளையாகத் தூக்கி எறியாமல் கொடுத்தனுப்பியிருந்தார். அதைக் கையில் எடுத்துப் பார்த்த உடனே அண்ணன்மீது சுமத்திய பழி பொய் என்று தெரிந்தது. எண்ணெய் இல்லாமல் ஓடிய பிஸ்டனில் சுற்றிலும் கீறல் விழுந்திருக்கும். இதிலோ புகை வெளியேறும் வாயின் பக்கம் மட்டும்தான் நீளக் கோடுகள் இருந்தன, எதிர்ப்பக்கம் புதிது போலவே இருந்தது. புகை வாயின் பக்கம்தான் பிஸ்டன் அதிகம் சூடேறும் பக்கம். கலவையில் பெட்ரோல் குறைந்து, காற்று மிகுந்து, இன்ஜின் அளவுக்கு மீறிக் கொதித்தால் முதலில் தேய்வது அந்த இடம்தான். ஏர் ஃபில்டர் கிழிந்து தூசி உள்ளே போயிருந்தால் கீறல் பெட்ரோல் நுழையும் வாயின் பக்கம், சாம்பல் நிறத்தில் மங்கலாக, மணல் தேய்த்ததுபோல் இருக்கும். பழைய பிஸ்டனைப் பார்க்காமல் புதிய பிஸ்டன் போடுவது, நோயைக் கேட்காமல் மருந்து கொடுப்பதுதான்.

பெட்ரோல் ஏன் குறைந்தது? நம் ஊர் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளியில் சரியாக ஓடும் மிஷினை மலைக்குக் கொண்டுவந்தால் காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோல் மிகுந்துபோய், புகை தள்ளி, இழுவை குறைந்து நிற்கும். அதைச் சரிசெய்ய யாராவது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை வைக்கும் ஹெச் திருகைக் கடிகாரம் சுற்றும் திசையில் சிறிது இறுக்குவார்கள். அதில் தவறில்லை, செய்ய வேண்டியதுதான். ஆனால் அப்படி இறுக்கிய மிஷினை, திருகைத் தொடாமல், 300 மீட்டர் உயரத்தைச் சற்றே தாண்டும் மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம் எடுத்துப்போனால், அடர்ந்த காற்றுக்கு அந்தப் பெட்ரோல் போதாது. கோத்தகிரி மலைப்பாதையில் இறங்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் மிஷினுக்குள் எதுவும் மாறவில்லை, சுற்றியிருக்கும் காற்றுதான் மாறுகிறது. தானாகவே கலவையைச் சரிசெய்துகொள்ளும் எம்-ட்ரானிக், ஆட்டோட்யூன் போன்ற அமைப்புள்ள விலை உயர்ந்த மிஷின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம்முடையது திருகு வைத்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் பட்டறைக்காரரைப் போலவே ஏமாந்திருப்பேன். இரண்டாவது முறை பிடித்துக்கொண்டது நம் ஊரிலேயே, அதே உயரத்தில், அதே திருகு அளவில். இரண்டாவது பிஸ்டனிலும் கோடுகள் அதே பக்கம். அப்படியானால் காற்று வேறு வழியாகவும் உள்ளே போகிறது. ஓடிக்கொண்டிருந்தபோது எப்படி இருந்தது என்று பெரியப்பா மகனிடம் கேட்டேன். விசையை விட்ட பிறகும் சத்தம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே இருக்கும் என்றும், மிஷினைச் சாய்த்துப் பிடித்தால் ஐட்லிங் (விசையை அழுத்தாதபோது ஓடும் வேகம்) மாறும் என்றும், ஐட்லிங் திருகை அடிக்கடித் திருப்ப வேண்டியிருந்தது என்றும் சொன்னான். இதைவிடத் தெளிவாக ஓர் இன்ஜின் தன் நோயைச் சொல்ல முடியாது. பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் இரண்டு பக்கமும், காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்கள் உண்டு; அவற்றில் மேக்னெட் (தீப்பொறிக்கான காந்தச் சக்கரம்) பக்கத்துச் சீல் கல்லாக இறுகியிருந்தது. விரலால் அழுத்தியபோது உதடு வளையவில்லை. பட்டறையில் பிஸ்டனையும் அதைச் சுற்றியுள்ள ரிங்கையும் மட்டும் மாற்றி, பழைய சீலை அப்படியே விட்டு, மேலே பெயிண்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்திருந்தார்கள். சமவெளியில் பிடித்துக்கொண்டதற்கும் பாதிக் காரணம் இந்தச் சீல்தான் என்று நான் நினைக்கிறேன். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நம்மிலும் இருக்கிறோம், நான் உட்பட.

இந்தக் கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. அம்மாவின் பழைய ரத்த அழுத்தக் கருவி, வட்ட முள் வைத்தது, வீட்டில் சும்மா கிடந்தது. அதன் பம்பும் முள்ளும்தான் எனக்குச் சோதனைக் கருவி. சைலன்சரைக் கழற்றி, லாரி டியூபில் வெட்டிய ரப்பர்த் துண்டை இடையில் வைத்து மறுபடியும் இறுக்கினால் புகை வாய் அடைபட்டுவிடும். கார்புரேட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில், நடுவே சைக்கிள் டியூபின் வால்வுத் தண்டு பொருத்திய தடித்த ரப்பரை ஒரு தகட்டோடு சேர்த்து இறுக்கினேன். ஸ்பார்க் பிளக்கை இறுக்கி, பெட்ரோல் வாய் திறக்கும்படி பிஸ்டனை மேலே நிறுத்தி, பம்பின் குழாயை வால்வில் மாட்டிக் காற்று அடிக்க வேண்டும். பழுது பார்க்கும் கையேடுகள் 0.5 பார் அழுத்தம் சொல்கின்றன; அது பாதரச அளவில் 375 மில்லிமீட்டர். ரத்த அழுத்தக் கருவியின் முள் 300 வரைதான் காட்டும் என்பதால் நான் 250-இல் நிறுத்தினேன். நல்ல இன்ஜினில் முள் அசையாமல் நிற்க வேண்டும். நம்முடையதில் கண்ணெதிரே இறங்கியது. சோப்பு நீரைப் பூசினால் எங்கே குமிழ் வருகிறதோ அங்கே ஓட்டை. சிலிண்டர் அடி கேஸ்கெட்டிலும் கார்புரேட்டர் ரப்பர்க் குழாயிலும் குமிழ் இல்லை, மேக்னெட்டைக் கழற்றிய பிறகு சீலைச் சுற்றிக் கொப்பளித்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சீலின் உதடு உள்நோக்கி இருப்பதால், உள்ளேயிருந்து காற்று அழுத்தும்போது அது தண்டோடு இன்னும் இறுகிக்கொள்ளும்; உறிஞ்சும்போதுதான் விலகும். ஆகவே அழுத்தச் சோதனையில் தேறிய சீல் உறிஞ்சு சோதனையில் தோற்கலாம். பிரேக் எண்ணெய் மாற்றும் கடைகளில் கையால் இயக்கும் உறிஞ்சு பம்ப் கிடைக்கும்; அதையும் வாங்கி ஊரில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு சோதனையிலும் கிராங்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டே முள்ளைப் பார்க்க வேண்டும்.

சிலிண்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பக்கத்து மெக்கானிக்குகள் பலர் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் காலத்தில் டூ-ஸ்ட்ரோக் கற்றவர்கள். கைத்தேர்ச்சியில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வண்டியின் சிலிண்டருக்குள் இரும்புக் குழல் உண்டு, லேத்தில் போரிங் செய்து பெரிய பிஸ்டன் போடலாம். மரம் அறுக்கும் மிஷினின் சிலிண்டர் அலுமினியம். அதன் உட்சுவரில் நிக்கல் அல்லது குரோமியப் பூச்சு மயிரிழை கனத்தில் இருக்கிறது. அதைக் கடைந்தால் பூச்சு போய்விடும், பிறகு சிலிண்டர் குப்பைதான். பிடித்துக்கொண்ட சிலிண்டரில் கீறலாகத் தெரிவது பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து ஒட்டிக்கொண்ட அலுமினியம். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்த ஒட்டலின்மேல் மட்டும் தடவினால் நுரைத்துக் கரையும். நுரை நின்றால் அலுமினியம் தீர்ந்தது என்று பொருள். திறந்த வெளியில், கையுறையோடு, சிலிண்டரைத் தனியே கழற்றி வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். பூச்சு இல்லாத வாய்களின் ஓரத்தில் ஆசிட் பட்டால் அதையும் தின்றுவிடும். உடனே தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். பிறகு நகத்தால் வருடிப் பார்த்தேன். பூச்சு தப்பியிருந்தது.

பிஸ்டன் போடும்போது மேலே உள்ள அம்புக்குறி புகை வாயை நோக்கி இருக்க வேண்டும். ரிங்கின் இரு முனையும் பிஸ்டனில் உள்ள சிறு ஆணியை அணைத்து உட்கார வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கம்பி வளையம் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்கலாம். 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த ரிங் வேண்டாம்.

பழைய மிஷினைப் புதுப்பித்தது என்று சொல்லி விற்கிறவர்கள், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜில் 150 பி.எஸ்.ஐ. காட்டுகிறது என்பார்கள். அதே இன்ஜினை நம் ஊரில் சோதித்தால் 120 முதல் 125 வரைதான் காட்டும், ஏனென்றால் உள்ளே இழுக்கும் காற்றே மெலிந்தது. அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அதற்கு மாறாக, கேஜ் நன்றாகக் காட்டுகிறது என்பதற்காக நம்பவும் வேண்டாம். நம் மிஷின் இரண்டாவது முறை பிடித்துக்கொள்வதற்கு முந்தைய வாரம்வரை கம்ப்ரஷன் பிரமாதமாக இருந்ததாம். கம்ப்ரஷன் ரிங்கைப் பற்றிச் சொல்லும், சீலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பெட்ரோலைப் பற்றி. 1 லிட்டருக்கு 20 மில்லி என்பது மிஷின் தயாரிப்பாளர்கள் சொல்லும் உயர்தர எண்ணெய்க்கான அளவு; பெட்ரோல் பங்கில் கிடைக்கும் சாதாரண 2டி ஆயில் என்றால் 40 மில்லி. கூடுதலாக எண்ணெய் ஊற்றினால் இன்ஜினுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணிச் சிலர் 60, 70 மில்லி ஊற்றுகிறார்கள். எண்ணெய் கூடும் அளவுக்குப் பெட்ரோலின் இடம் குறைகிறது, கரியும் படிகிறது. இப்போது நாட்டில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பது இன்னொரு தொல்லை. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் காற்று மேலும் மிகுந்ததுபோல் ஆகிறது. பழைய ரப்பர்க் குழாயையும் கார்புரேட்டரின் மெல்லிய சவ்வான டயாஃப்ரத்தையும் அது கெடுக்கிறது. நம் ஊர் மூடுபனியில் கேன் திறந்து கிடந்தால் ஈரத்தை இழுத்து, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். டேங்கில் பெட்ரோல் உறிஞ்சும் தலையும் அடியில்தான் கிடக்கிறது. ஆகவே கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வேலை முடிந்து மிஷினை ஓரம் வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். நவம்பர் மழைக்கு முன் எடுத்து ஓட்டும்போது, சில நிமிடம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று சத்தம் வந்து மறுபடி ஓடினால், மூடியின் காற்று வழி அடைத்திருக்கிறது. அதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

புது பிஸ்டன் போட்ட பிறகு முதல் மூன்று டேங்க் பெட்ரோல் தீரும்வரை, மரத்தில் வைக்காமல் வெறுமனே முழு வேகத்தில் கத்த விடக் கூடாது. ஹெச் திருகை, வெறுமனே முழு வேகம் கொடுத்தால் சத்தம் சற்றே கரகரத்து, மரத்தில் பல் பதிந்ததும் தெளிவடையும் இடத்தில் விட்டு வந்திருக்கிறேன். அந்தக் கரகரப்பைக் கோளாறு என்று எண்ணி யாரும் திருகை இறுக்க வேண்டாம் என்று பெரியப்பா மகனிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். கீழே எடுத்துப்போவதாக இருந்தால் முதலில் கால் சுற்று தளர்த்தி, அங்கே போய் இதே சத்தத்தைக் கேட்டு வைக்க வேண்டும். சிலிண்டரைக் குளிர்விக்கும் துடுப்புகளுக்கு இடையே எண்ணெயும் மரத்தூளும் அடையாக அப்பியிருந்ததைச் சுரண்டியபோது ஒரு டம்ளர் நிறைய வந்தது. வாரம் ஒருமுறை பழைய டூத்பிரஷ் எடுத்தால் போதும்.

ரப்பர்த் துண்டுகள், வால்வுத் தண்டு, ரத்த அழுத்தப் பம்ப், உறிஞ்சு பம்ப், கூடுதலாக இரண்டு சீல் எல்லாம் பெரியப்பா வீட்டில் மஞ்சள் மூடி போட்ட டப்பாவில் இருக்கின்றன. சித்திரையில் ஊருக்குப் போகிறவர் யாராக இருந்தாலும், இன்ஜின் ஆறியிருக்கும்போது சைலன்சரின் திருகுகளைக் கழற்றி, புகை வாய் வழியாகப் பிஸ்டனின் பக்கம் தெரியும்படி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். டார்ச்சை நேராக அடித்தால் எல்லாம் பளபளப்பாகத்தான் தெரியும். சாய்த்துப் பிடித்து எடுக்க வேண்டும்.