லிஸ்டர் 6/1 எஞ்சின வீட்டுலயே பிரிச்சு கட்டலாமா?

நிபோங்திபால்_தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. எங்க தாத்தா தோட்டத்துல எஞ்சின் டிரைவரு, சாயங்காலம் லயத்துக்கு லைட்டு குடுக்குற எஞ்சின அவருதான் ஓட்டுவாரு. அதே மாதிரி லிஸ்டர் 6/1 டீசல் எஞ்சின் ஒன்னு போன மாசம் பழைய இரும்புக்கடையில பாத்து வாங்கிட்டேன், ஒத்த சிலிண்டர், 6 குதிரை சக்தி, 650 ஆர்பிஎம். ஹெட்ட கழட்டியாச்சு. மேல் ரிங் வந்து நிக்கிற எடத்துல நகத்த வச்சு இழுத்தா வரம்பு மாதிரி தட்டுது, உள்சுவரு கண்ணாடியாட்டம் மின்னுது. ஹோன் போட்டு, அதாவது உள்சுவர கல்லால லேசா தேச்சு, புது ரிங் மாத்தி வீட்டு கொட்டகையிலயே கட்டிரலாம்னு பாக்குறேன், சரியா வருமா?

செந்தூல்_ஃபிட்டர்:
வேணாம் தம்பி. ஃப்ளைவீல் ரெண்டு இருக்கு, ஒன்னொன்னும் 100 கிலோவுக்கு மேல, தனியா நின்னு இறக்குனா காலு போயிரும். அப்புறம் நகத்த வச்சு தேய்மானம் சொல்ல முடியாது, போர் கேஜ், அதான் சிலிண்டர் உள்விட்டம் அளக்குற கருவி, அத வச்சு மேல நடு கீழனு குறுக்கயும் நெடுக்கயும் அளக்கணும், ஒரிஜினல் போரு 114.3 மிமீ. ஒர்க்‌ஷாப்புல குடுத்துரு.

பட்டர்வொர்த்_டீசல்:
அண்ணே மன்னிக்கணும், நான் ஒத்துக்க மாட்டேன். ஒர்க்‌ஷாப்பே இல்லாத தோட்டத்துலயும் காட்டுலயும் ஓடுறதுக்குனு செஞ்ச எஞ்சின் இது, பக்கத்து கதவ தொறந்தா கனெக்டிங் ராடு கீழ்முனையில இருக்குற பிக் எண்டு போல்ட்டுக்கு நேரா கை போவுது. நான் என்னோடத ஒரு கடையில குடுத்தேன், என்னைய கேக்காமலே நல்லா இருந்த போர தோண்டிட்டாங்க, சிலிண்டருக்கு அடியில உயரம் சரி பண்ண வச்சிருந்த மெல்லிசு தகட, அந்த ஷிம்ம தொலைச்சிட்டு அவங்க இஷ்டத்துக்கு பேக்கிங் வச்சு மூடிட்டாங்க. வீட்டுக்கு கொண்டாந்து ஹேண்டில் போட்டு சுத்துறேன் சுத்துறேன், புகை மட்டுந்தான் வருது. கடைசில பிஸ்டன் மேல ஈயக்கம்பி வச்சு ஹெட்ட இறுக்கி ஒரு சுத்து சுத்தி, நசுங்குன கம்பிய மைக்ரோமீட்டர்ல அளந்தா இடைவெளி ரொம்ப அதிகம், அப்புறம் எங்க கம்ப்ரஷன் வரும்? ராத்திரி பூரா ஒக்காந்து நானே ஷிம்மு வெட்டி சரி பண்ணேன். பொறுமையா அளக்குறவன் கையில எஞ்சின் பத்திரமா இருக்கும், அது வீடா இருந்தா என்ன.

செந்தூல்_ஃபிட்டர்:
ஒரு கடை தப்பு பண்ணுச்சுனு எல்லா கடையையும் சொல்லாத. சிலிண்டருக்குள்ள டீசல பீச்சுற இன்ஜெக்டர வீட்டுல எப்படி டெஸ்ட் பண்ணுவ? பீச்சுற டீசலுக்கு முன்னாடி விரல் போச்சுனா தோல துளைச்சு உள்ள போயிரும், வலி கம்மியா இருக்குனு விட்டா விரலயே எடுக்க வேண்டி வரும்.

பட்டர்வொர்த்_டீசல்:
இன்ஜெக்டரும் பம்பும் டீசல் கடைக்குத்தான், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல.

கெப்போங்_காரன்:
இன்னொன்னு, 2019ல நம்ம பம்புக்கு பி10 வந்துச்சு, பாமாயில்லேர்ந்து செஞ்ச பயோடீசல் 10 சதவீதம் கலந்த டீசல். பழைய ரப்பர் ஹோஸ் ஊதி கசியும், எல்லாத்தயும் மாத்திருங்க.

செந்தூல்_ஃபிட்டர்:
தம்பி, கண்ணாடியாட்டம் மின்னுதுனு சொன்னியே, அதுதான் எனக்கு உறுத்துது. இதுல குரோம் பூசின போரும் உண்டு. அதுல ஹோன் போட்டா பூச்சு போச்சு, குரோம் ரிங் போட்டா ரெண்டும் ஒன்னையொன்னு தின்னுரும். மயில்துத்தத்த தண்ணியில கரைச்சு எண்ணெ பிசுக்கு இல்லாம தொடச்ச எடத்துல ஒரு சொட்டு வையி. வெறும் இரும்புனா செம்பு நெறம் ஏறும், குரோம்னா ஏறாது.

நிபோங்திபால்_தம்பி:
அப்பா செடிக்கு அடிக்க வச்சிருந்த மயில்துத்தம் இருந்துச்சு, செஞ்சு பாத்தேன். வெளிப்பக்கம் சொரண்டுன எடத்துல உடனே செவப்பாயிருச்சு. உள்ள நடுவுலயும் கீழயும் நீல தண்ணியாவே வழிஞ்சு ஓடுது, நெறமே ஏறல. ஆனா மேல, அந்த வரம்புக்கு கீழ, ரெண்டு விரல் அகலத்துக்கு செம்பு நெறம் திட்டு திட்டா ஏறுது.

செந்தூல்_ஃபிட்டர்:
அங்க குரோம் தேஞ்சு போச்சு. ஹோன் மட்டும் போட்டிருந்தா மிச்சமும் போயிருக்கும்.

பட்டர்வொர்த்_டீசல்:
நல்லவேளை கேட்டீங்க தம்பி. இது எனக்கே தோணல, அண்ணன் சொன்னதுதான் சரி. அப்படினா இந்தியாவுல ராஜ்கோட்டுல செய்ற புது சிலிண்டர் வாங்கி போட்டுரலாமே, இந்த டிசைனுக்கு அங்க இன்னும் சாமான் செய்றாங்க.

செந்தூல்_ஃபிட்டர்:
வாங்கலாம், ஆனா வார்ப்பு மணல் உள்ள ஒட்டியிருக்கும், கழுவாம மாட்டுனா ஒரே மாசத்துல பேரிங் காலி. என்னைய கேட்டா பழசுக்குள்ளயே ஸ்லீவ், அதான் புது இரும்புக் குழாய், அடிக்கிறதுதான் நல்லது, அது இங்கிலாந்துல லிஸ்டர் கம்பெனி இருந்த டர்ஸ்லியில ஊத்துன இரும்பு, அத தூக்கி போட எனக்கு மனசு வராது.

நிபோங்திபால்_தம்பி:
சிலிண்டர மட்டும் சனிக்கெழம லேத் கடைக்கு கொண்டு போறேன், ஸ்லீவ் அடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன். ஷிம்ம எண்ணி கம்பியில கோத்து வீட்டுலயே வச்சிட்டேன். மிச்சம் கட்டுறது நான்தான் அண்ணே.

செந்தூல்_ஃபிட்டர்:
கட்டு. ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல உள்ள இடைவெளி மேனுவல்ல சொன்ன அளவுக்குள்ள வருதானு சிலிண்டருக்குள்ள வச்சு பாத்துட்டு மாட்டு. மொதல் தடவ ஹேண்டில் சுத்துறப்ப கட்டவிரல மத்த விரலோட ஒரே பக்கமா வையி, சுத்தி பிடிக்காத, ஒதைச்சா மணிக்கட்டு முறிஞ்சிரும். ஃப்ளைவீல் தூக்குற அன்னிக்கு சொல்லு, நானும் வர்றேன்.