கையேட்டில் இல்லாத அடுத்த வரி: ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

காரைக்குடிப் பக்கம், இடைநிலை ஆசிரியை

குறுவள மையத்தில் மன அழுத்தம், முரண்பாடு பற்றிய பயிற்சி முடிந்த மூன்றாம் நாள். வழிபாடு முடிந்து வகுப்புக்குப் போகிறேன், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா வாசலில் நிற்கிறார். ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் கண்ணாடி மேல் சாயம் ஊற்றுகிறவர். நகக்கண்களில் சிவப்புச் சாயம். முந்தின நாள் வீட்டுப்பாடம் எழுதாததற்காக அவர் மகனை வெளியே நிற்க வைத்திருந்தேன்.

சொல்லித்தந்ததை எல்லாம் செய்தேன். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டேன். குறுக்கே பேசவில்லை. பிறகு கையேட்டில் இருந்தபடியே, "நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது ஐயா" என்றேன்.

"எனக்குக் கோபம் என்று எனக்கே சொல்லித்தருகிறீர்களா டீச்சர்? அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பையன் ராத்திரி சாப்பிடவில்லை. அதற்குப் பதில் சொல்லுங்கள்."

குரலை அவர் உயர்த்தவே இல்லை. பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அடுத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடம் ஆகிவிட்டது, அந்த விரல்கள் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பள்ளத்தூர், தமிழாசிரியர்

டீச்சர், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பயிற்சியே பயனில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அது ஆறு மாதப் பகையைத் தீர்த்தது. கால அட்டவணைத் தகராறில் நானும் கணக்கு டீச்சரும் ஒரே அறையில் இருந்துகொண்டு, மாணவர்கள் வழியாகத் துண்டுச்சீட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

தாமஸ், கில்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் முரண்பாட்டை மனிதர்கள் அணுகும் விதத்தை ஐந்தாகப் பிரித்திருப்பதைப் பயிற்சியில் விளக்கினார்கள்: போட்டியிடுதல், தவிர்த்தல், விட்டுக்கொடுத்தல், சமரசம், ஒத்துழைத்தல். அவரவர் வழக்கம் எது என்று எழுதச் சொன்னார்கள். நான் 'சமரசம்' என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் அதை எட்டிப் பார்த்து, என் தாளிலேயே அடித்துவிட்டு 'தவிர்த்தல்' என்று எழுதினார். மதியம் டப்பாவில் இருந்த கும்மாய இனிப்பை என் பக்கம் நகர்த்திவிட்டு, "முதல் பாடவேளை எனக்கு ஏன் வேண்டாம் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா சார்? என் பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது?" என்றார். நான் கேட்டதே இல்லை.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

ஒரு தந்தை வருகைப் பதிவேட்டை என் மேசையில் வீசியிருக்கிறார். நானும் எழுந்து கத்தினேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தம்பி சொன்னது சக ஆசிரியர்களுக்குள் சரிப்படும். கூலியை இழந்து வந்து நிற்கும் பெற்றோரிடம் ஐந்து வகை பேசிப் பயனில்லை. டீச்சருக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். மூச்சுப் பயிற்சி எதிரில் நிற்பவருக்காக அல்ல, உங்கள் உடம்புக்காக. கோபத்தில் அட்ரினலின் ஏறி நெஞ்சு படபடக்கும்; மூச்சை நீளமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணியும். வாய் திறப்பதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும். பெற்றோரை வகுப்பு வாசலில் வைத்துப் பேசக் கூடாது. தனியே அழைத்து, மேசைக்கு எதிரே உட்கார வைக்காமல், ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீர் கொடுங்கள். அவர் மனநிலைக்கு நீங்கள் பெயர் சூட்ட வேண்டாம், "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள். தீராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வெளியே நிற்க வைத்ததை அதோடு சேர்த்து யோசியுங்கள்.

புதுவயல், அறிவியல் ஆசிரியை

ஐயா, அவர் ஆலோசனை கேட்கவில்லையே. மனத்தில் உறுத்துவதைச் சொன்னார், அவ்வளவுதான்.

மூச்சு விடத் தெரியாமலா நாம் கத்துகிறோம்? பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளக்கியபோது, சரியாகக் கையாளப்படாத நெடுநாள் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. நோய் என்று சொல்லவில்லை. அப்படியானால் பணியிடம் மாற வேண்டாமா? எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவதற்காக இரவு பதினொரு மணிவரை விழித்திருந்த மறுநாள், வாய்ப்பாடு மறந்த ஒரு சிறுமியிடம் நான் கத்தினேன். அவள் அழவில்லை. இடைவேளையில் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஒன்பது வயதுப் பிள்ளை. அன்று இரவுதான் 14416க்கு முதன்முறையாக அழைத்துப் பேசினேன். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை. யாருக்காவது தேவைப்படலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

காரைக்குடிப் பக்கம், இடைநிலை ஆசிரியை

தலைமையாசிரியர் ஐயா, அந்தப் பிரிவு எனக்குத் தெரியும். தெரிந்துதான் நிற்க வைத்தேன். அதனால்தான் உறுத்துகிறது.

பிறகு நடந்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். அவரையும் அழைத்துக்கொண்டு பையனின் பெஞ்சுக்குப் போய், "நேற்று நான் செய்தது தவறு" என்று அவனிடம் சொன்னேன். வீட்டுப்பாடம் எழுத வேண்டிய இரவு வீட்டில் தங்கைக்குக் காய்ச்சலாம். அவன்தான் துணி நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தானாம். அப்பா சொல்லித்தான் தெரிந்தது. அவர் மகனின் தலையைத் தொட வந்து, கையிலிருந்த சாயத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவன் ஒருநாள்கூட வீட்டுப்பாடம் எழுதாமல் வந்ததில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிமிர்ந்து என்னைப் பார்க்க மாட்டான். இப்போது ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.